அத்தியாயம் 9: முடியாத கையோடு முந்துவது

ஹோல்டெம் பழக வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆட்டங்களின் பழக்கத்தோடு வருகிறார்கள். ஒன்று ரம்மி, இன்னொன்று மூணு சீட்டு. ரம்மியில் கை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு சீட்டு எடுக்கிறோம், ஒன்றைக் கழிக்கிறோம், வர வேண்டியது வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். அப்படி உட்கார்ந்திருப்பதற்குச் சுற்றுக்குச் சுற்று யாரும் காசு கேட்பதில்லை. மூணு சீட்டில் கை மாறவே மாறாது. விழுந்தது விழுந்ததுதான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் மிரட்டலும் அசராமையும்.

ஹோல்டெமில் டிரா கை என்பது இந்த இரண்டும் சந்திக்கும் இடம். கை இன்னும் முடியவில்லை, வர வேண்டிய சீட்டு கட்டுக்குள் இருக்கிறது. அதே நேரத்தில் எதிராளியைக் கையைப் போட வைக்கும் வலுவும் நம்மிடம் இருக்கிறது. ரம்மிப் பழக்கம் மட்டும் உள்ளவர் டிராவை வைத்துக்கொண்டு கால், கால் என்று ரிவர் வரைக்கும் போவார். மூணு சீட்டுப் பழக்கம் மட்டும் உள்ளவர் கையில் ஒன்றுமே இல்லாதபோதும் அடிப்பார். பாதி முடிந்த, பெரிதாகப் பெருமைப்பட முடியாத ஒரு கையை எப்போது, யாருக்கு எதிராக, எவ்வளவு சிப்ஸ் வைத்து அடித்து ஆடலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் வேலை.

15 அவுட் உள்ள பெரிய டிராவைப் பற்றி இங்கே அதிகம் பேசப் போவதில்லை. இஸ்பேட் ஃப்ளஷ் டிராவும் இரண்டு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட் டிராவும் ஒரே கையில் சேர்ந்துவிட்டால், ஃப்ளாப்பில் இருந்து ரிவருக்குள் 100க்கு 54 முறை ஏதாவது ஒன்று முடிந்துவிடும். ஒரு ஜோடி வைத்திருப்பவரைவிட அங்கே நீங்கள்தான் முன்னால் இருக்கிறீர்கள். அதை அடித்து ஆடத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கஷ்டம் 8, 9 அவுட் கைகளிலும், 4 அவுட் மட்டும் உள்ள கட்ஷாட்டிலும்தான்.

வெறும் கால் ஏன் போதாது

ஒரு கையை எடுத்து மேசையில் விரிப்போம். பிளைண்டு 100-200. எல்லோரிடமும் 5,000 சிப்ஸ். பட்டனுக்குப் பக்கத்தில் இருப்பவர் 500க்கு ரெய்ஸ் செய்கிறார். ஸ்மால் பிளைண்டு ஃபோல்டு. நீங்கள் பிக் பிளைண்டில் இஸ்பேட் ஆறும் இஸ்பேட் ஐந்தும் வைத்துக்கொண்டு கால் செய்கிறீர்கள். பாட்டில் 1,100. உங்களிடம் மீதி 4,500.

ஃப்ளாப்: இஸ்பேட் ராஜா, டைமன் எட்டு, இஸ்பேட் மூன்று.

நீங்கள் செக். அவர் 600 வைக்கிறார். இப்போது பாட்டில் 1,700.

உங்களுக்குத் தெரியாத சீட்டு 47. அதில் இஸ்பேட் 9. அடுத்த சீட்டிலேயே ஃப்ளஷ் விழ வாய்ப்பு 47க்கு 9, அதாவது 19 விழுக்காடு. டர்ன், ரிவர் இரண்டையும் பார்க்க முடிந்தால் 35 விழுக்காடு. அவசரத்துக்கு ஃப்ளாப்பில் அவுட்டை நாலால் பெருக்குங்கள், டர்னில் இரண்டால் பெருக்குங்கள். ஏறக்குறைய சரியாக வரும்.

கால் செய்தால் 600 போட்டு, மொத்தம் 2,300 ஆகப் போகும் பாட்டுக்குப் போட்டியிடுகிறீர்கள். அதற்கு 26 விழுக்காடு வேண்டும். உங்களிடம் இருப்பது 19. "35 இருக்கிறதே" என்று மனசு சொல்லும். அந்த 35 இரண்டு சீட்டுக்கான கணக்கு. டர்னில் இஸ்பேட் வராவிட்டால் அவர் இன்னொரு முறை, இந்த முறை பெரிதாக, காசு கேட்பார். இரண்டாவது சீட்டுக்கும் வாடகை உண்டு.

"ஃப்ளஷ் விழுந்தால் அவரிடம் இருந்து நிறைய வாங்கிவிடலாமே" என்பது அடுத்த சமாதானம். மேசையில் மூன்றாவது இஸ்பேட் விழுவது ஊருக்கே தெரியும். ராஜா ஜோடி வைத்திருப்பவர் அங்கே கையைச் சுருக்கிக்கொள்வார். சுருக்காமல் உற்சாகமாக ரெய்ஸ் செய்பவரிடம் உங்கள் ஆறு, ஐந்தைவிடப் பெரிய இஸ்பேட் இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. சின்ன ஃப்ளஷ் டிராவை ஓரக் கை என்று நான் சொல்வது இதனால்தான். விழாவிட்டால் நஷ்டம். விழுந்தாலும் சில நேரம் அதைவிடப் பெரிய நஷ்டம்.

ஆக, இந்த இடத்தில் ஃபோல்டு என்பது மோசமான பதில் இல்லை. கால்தான் பெரும்பாலும் மோசமான பதில். மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறது.

இரண்டு கதவு

டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதற்கு ஒரு பெயர் வைத்தார்: செமி-பிளஃப். 1987இல் வந்த 'தி தியரி ஆஃப் போக்கர்' நூலில் இதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. இப்போதைக்கு நம் கை பின்தங்கி இருக்கிறது, ஆனால் எதிராளி கால் செய்தாலும் முன்னேறி ஜெயிக்க நியாயமான வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட கையோடு அடிப்பதுதான் செமி-பிளஃப். ஜெயிக்க இரண்டு கதவு. அவர் ஃபோல்டு செய்தால் உடனே ஜெயம். செய்யாவிட்டால் சீட்டு வந்து ஜெயம். கால் மட்டும் செய்பவருக்கு முதல் கதவு மூடியே கிடக்கிறது.

அதே கையில் 4,500ஐயும் தள்ளி ஆல்-இன் செய்வதாக வைத்துக்கொள்வோம். அவரும் கால் செய்தால் பாட் 10,100 ஆகும். கால் செய்யும்போது அவரிடம் என்னென்ன இருக்கும்? நல்ல துணையுள்ள ராஜா, ஒரு செட்டு, சில நேரம் நம்மைவிடப் பெரிய ஃப்ளஷ் டிரா. ஏஸ்-ராஜாவுக்கு எதிராக, அதில் இஸ்பேட் ஏஸ் இல்லாவிட்டால், நமக்கு ஏறக்குறைய 40 விழுக்காடு உண்டு. செட்டுக்கு எதிராக அது வெகுவாக இறங்கும். கறாராகவே கணக்குப் போடுவோம்: சராசரி 30.

கால் வந்தால் 10,100இல் 30 விழுக்காடு, 3,030. போட்டது 4,500. கால் வரும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 1,470 இழக்கிறோம். ஃபோல்டு வரும் ஒவ்வொரு முறையும் 1,700 கிடைக்கிறது. இந்த இரண்டும் சமமாக அவர் 100க்கு 46 முறை ஃபோல்டு செய்தால் போதும். அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம். 60 முறை ஃபோல்டு செய்பவரிடம் இந்தத் தள்ளல் ஒவ்வொன்றும் சராசரியாக 432 சிப்ஸ் சம்பாதிக்கிறது.

இதே இடத்தில், ஜெயிக்க வழியே இல்லாத கையோடு அடித்தால்? அவர் 100க்கு 73 முறை ஃபோல்டு செய்தால்தான் முதலே தேறும். 73க்கும் 46க்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் உங்கள் 9 இஸ்பேடின் உண்மையான விலை. டிராவின் வேலை ஃப்ளஷ் போடுவது மட்டும்தான் என்று நினைத்திருந்தால், இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் கையாலேயே எழுதிப் பாருங்கள். எதிராளி எவ்வளவு முறை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற தேவையைக் குறைப்பது அதன் பெரிய வேலை.

டாயில் பிரன்சன் 1976, 1977 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர். அந்தப் பத்தாண்டின் முடிவில் அவர் கொண்டுவந்த 'சூப்பர் சிஸ்டம்' நூலின் நோ-லிமிட் பகுதி முழுக்க இந்தத் தத்துவம்தான் ஓடுகிறது. ஓயாமல் அடித்துச் சின்னச் சின்ன பாட்டுகளை அள்ளிக்கொண்டே இருப்பது, அந்த வரவை முதலாக வைத்து டிராவோடு பெரிய பாட்டில் இறங்குவது. தோற்றாலும் ஏற்கெனவே சேர்த்த சிப்ஸ் அதைத் தாங்கும்.

கடைசியாகத் தள்ளுபவர் யார்

புதிதாக அடித்து ஆடத் தொடங்குபவர்கள் ஓர் இடத்தில் தவறாமல் சறுக்குகிறார்கள். ஆல்-இன் பயமாக இருக்கிறது என்று 1,800க்கு மட்டும் ரெய்ஸ் செய்கிறார்கள். பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். நடப்பதைப் பாருங்கள்.

எதிராளியிடம் ராஜா-ஜாக்கி. 4,500 ஒரே தள்ளாக வந்தால் அவர் நெற்றியைத் தேய்த்துவிட்டுக் கையைப் போடக்கூடும். 1,800க்கு வந்தால், "டிராதான்போல" என்று முடிவு செய்து அவரே மொத்தத்தையும் தள்ளுகிறார். இப்போது பாட்டில் 7,400. நீங்கள் இன்னும் 2,700 போட வேண்டும். தேவை 27 விழுக்காடு, உங்களிடம் 30. கால் செய்தே ஆக வேண்டும். அதே 4,500 சிப்ஸ் நடுவுக்குப் போய்விட்டது. ஆனால் முதல் கதவை நீங்கள் தட்டவே இல்லை. அவரைத் தட்டவிட்டீர்கள்.

ஸ்டாக் சிறியதாக, அதாவது 20 முதல் 30 பிக் பிளைண்டு வரை இருக்கும்போது, டிராவோடு போவதென்று முடிவெடுத்தால் கடைசித் தள்ளல் உங்களுடையதாக இருக்கும்படி அளவை அமையுங்கள். கால் செய்யக் கை வேண்டும். தள்ள அதைவிடக் குறைந்த கை போதும். போக்கரில் இதைவிடப் பயனுள்ள பாடம் அதிகம் இல்லை.

ஸ்டாக் ஆழமாக இருந்தால் கணக்கே வேறு. இருவரிடமும் 20,000 இருக்கும்போது 1,700க்காக 19,500ஐத் தள்ளுவது பைத்தியக்காரத்தனம். நம்மை மிஞ்சிய கை மட்டும்தான் அங்கே கால் செய்யும். அங்கே 1,800க்கோ 2,000க்கோ ரெய்ஸ் செய்யுங்கள். அவர் பெரிதாகத் திருப்பி ரெய்ஸ் செய்தால் மனம் நோகாமல் போட்டுவிடுங்கள். டர்னில் இன்னொரு அடி அடிக்க இடம் இருப்பதால் முதல் அடி சின்னதாக இருக்கலாம்.

எதிராளியின் ஸ்டாக்கைப் பார்க்க மறக்காதீர்கள். நம் உதாரணத்தில் 600 வைத்த பிறகு அவரிடம் மீதி 900தான் இருக்கிறது என்றால் தள்ளிப் பயனில்லை. அவர் 900 போட்டால் 3,200 கிடைக்கும் நிலையில், 22 விழுக்காடு இருந்தாலே அவருக்குக் கட்டுபடியாகும். எதை வைத்திருந்தாலும் பார்த்துவிடுவார்.

விடமாட்டேன் என்பவர்

எங்கள் மாடி டேபிளில் ஞாயிறு மாலை பிளாஸ்டிக் சிப்ஸ் வைத்து ஆடுவோம். அங்கே ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வருவார். ஜோடி விழுந்துவிட்டால் அவர் ஃபோல்டு செய்து யாரும் பார்த்ததில்லை. ஒரு மாலையில் அவருக்கு எதிராக மூன்று முறை டிராவோடு தள்ளினேன். மூன்று முறையும் சீட்டுகளின் மூலையை ஒருமுறை தூக்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "வச்சது வச்சாச்சு, பார்த்துடுவோம்" என்று சிப்ஸை நகர்த்தினார். ஒருமுறை அவரிடம் இருந்தது எட்டு ஜோடி, அதுவும் மேசையில் ராஜாவும் ராணியும் கிடக்கும்போது. மூன்றில் ஒன்றில் ஃப்ளஷ் விழுந்தது. இரண்டில் விழவில்லை. கணக்கு சொன்னபடியேதான் நடந்தது.

வாத்தியார் தப்பாக ஆடினார் என்று சொல்லி ஆறுதல் அடைய வழியில்லை. அவர் எப்படி ஆடுவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு கதவில் ஒன்று பூட்டியிருக்கும் வீட்டுக்குப் போனேன். அவருக்கு எதிராக நம்மிடம் டிரா இருந்தால் மலிவாகக் கிடைக்கும்போது சீட்டைப் பார்க்க வேண்டும், விலை ஏறினால் போட வேண்டும், கை முடிந்தபோது பெரிதாக வைத்து வாங்க வேண்டும். விடமாட்டேன் என்பவர் நமக்குக் காசு தருவது அந்த வழியில்தான்.

அடித்து ஆட ஏற்ற எதிராளி வேறு ஒருவர். யோசிக்கத் தெரிந்தவர், நல்ல கையையும் போடும் துணிவு உள்ளவர், போட்டியில் தன் ஸ்டாக் மீது அக்கறை உள்ளவர். ஃப்ளாப்பில் பழக்கத்துக்காக ஒரு பெட் வைத்துவிட்டு, எதிர்ப்பு வந்தால் பின்வாங்குபவர் இன்னும் நல்லவர். அவர் எத்தனை முறை ஃப்ளாப்பில் வைக்கிறார், வைத்ததை எத்தனை முறை டர்னில் விட்டுவிடுகிறார் என்று நீங்கள் கையில் இல்லாத சுற்றுகளில் எண்ணிக்கொண்டே இருங்கள். 46 என்ற அந்த எண் மேசையில் எங்கேயும் எழுதியிருக்காது. நீங்கள்தான் பார்த்துப் பார்த்துத் தேற்ற வேண்டும்.

பாட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அடிக்கும் எண்ணத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுங்கள். ஒவ்வொருவரும் பாதிக்குப் பாதி ஃபோல்டு செய்பவர்கள் என்றாலும், மூன்று பேரும் சேர்ந்து ஃபோல்டு செய்வது எட்டில் ஒரு முறைதான்.

நாலே நாலு அவுட்

கட்ஷாட்டை வைத்து அடிப்பது பலருக்கு அதீதமாகத் தோன்றும். ஃப்ளாப்பில் இருந்து ரிவருக்குள் அது முடிவது 16 விழுக்காடுதான். அதனால் பெரிய தொகையை அதன் மேல் ஏற்றக்கூடாது. ஆனால் நல்ல கட்ஷாட்டுக்கு டர்னில் வளரும் குணம் உண்டு.

பட்டனில் ஆட்டின் ஜாக்கியும் ஆட்டின் பத்தும் வைத்து 500க்கு ரெய்ஸ் செய்தீர்கள். பிக் பிளைண்டு மட்டும் கால். பாட் 1,100. ஃப்ளாப்: இஸ்பேட் ராணி, ஆட்டின் எட்டு, டைமன் நான்கு. அவர் செக். ஒன்பது விழுந்தால் ஸ்ட்ரெய்ட், இப்போதைக்கு வேறொன்றும் இல்லை. 400 வையுங்கள். அவர் 27 விழுக்காடு ஃபோல்டு செய்தாலே இந்தப் பெட் தனக்குத்தானே கட்டுபடியாகிவிடுகிறது.

கால் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டர்னில் எந்தச் சீட்டுகள் உங்களுக்கு உதவும் என்று எண்ணுங்கள். ஆட்டின் 10 சீட்டு: ஏதாவது ஒன்று விழுந்தால் ஃப்ளஷ் டிரா சேரும். ஆட்டின் ஒன்பது வந்தால் ஸ்ட்ரெய்ட்டே முடியும். மற்ற ஒன்பது மூன்றும் ஸ்ட்ரெய்ட். மற்ற ராஜா மூன்றில் எது வந்தாலும் இரண்டு பக்கமும் திறந்துகொள்ளும். மற்ற ஏஸ் மூன்றில் எது வந்தாலும் ராஜா, ஒன்பது என இரண்டு ஓட்டையில் எது நிறைந்தாலும் ஸ்ட்ரெய்ட். மொத்தம் 47க்கு 19. இதில் ஏஸும் ராஜாவும் எதிராளிக்குப் பிடிக்காத சீட்டுகள். ரெய்ஸ் செய்தவர் நீங்கள் என்பதால், அவை உங்களுக்குத்தான் விழுந்தன என்று அவர் நம்ப நியாயம் இருக்கிறது. இந்த 19இல் ஒன்று வந்தால் இரண்டாவது அடி. மற்ற 28இல் ஒன்று, உதாரணமாக கிளாவர் இரண்டு, வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். 400இல் முடிந்த நஷ்டம் நஷ்டமே இல்லை.

இதையே ஆறும் ஐந்தும் வைத்துக்கொண்டு, ஜாக்கி-ஒன்பது-எட்டு கிடக்கும் மேசையில் செய்யாதீர்கள். ஏழு விழுந்து ஸ்ட்ரெய்ட் முடிந்தாலும் அது கீழ்முனை. பத்து வைத்திருப்பவர் உங்களை முழுசாக எடுத்துக்கொள்வார். மேசையில் ஜோடி விழுந்திருக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். யாரோ ஒருவர் ஏற்கெனவே ஃபுல் ஹவுஸ் போட்டிருந்தால், நீங்கள் துரத்தும் சீட்டு வந்தாலும் தோல்விதான்.

2003, லாஸ் வேகாஸ்

இந்த அத்தியாயத்துக்கு ஒரே ஒரு நிஜ ஆட்டத்தைத்தான் காட்ட முடியும் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். பினியன்ஸ் ஹார்ஸ்ஷூவில் நடந்த 2003 உலகத் தொடரின் முதன்மைப் போட்டி. 839 பேர் கலந்துகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்: டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபர்ஹா.

மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் ஏழும். ஃபர்ஹாவிடம் இஸ்பேட் ராணியும் ஆட்டின் ஒன்பதும். ஃப்ளாப்பில் இஸ்பேட் ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேட் ஆறு. ஃபர்ஹாவுக்கு மேல் ஜோடி. டர்னில் இஸ்பேட் எட்டு. இங்கே நிறுத்திப் பாருங்கள். மணிமேக்கரின் கையில் இன்னும் ஒரு ஜோடிகூட இல்லை. ஆனால் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது வரிசையாக நிற்கிறது. நாலு இஸ்பேடும் சேர்ந்துவிட்டது. ஃபர்ஹா 3,00,000 வைத்தார். மணிமேக்கர் 8,00,000க்கு ரெய்ஸ் செய்தார்.

இருவர் கையையும் தெரிந்து எண்ணினால், மீதி 44 சீட்டில் 17 அவருக்கு உதவும்: இஸ்பேட் 8, இஸ்பேட் அல்லாத ஐந்தும் பத்துமாக 6, ராஜா 3. கால் வந்தாலும் 39 விழுக்காடு வாய்ப்பு. சுத்தமான செமி-பிளஃப். ஃபர்ஹா கால் செய்தார்.

ரிவரில் ஆட்டின் மூன்று. எதுவும் முடியவில்லை. ஃபர்ஹா செக் செய்தார், மணிமேக்கர் ஆல்-இன் என்றார். டர்னில் பாதி பிளஃபாக இருந்தது இப்போது முழு பிளஃப். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்து, ஜெயித்திருக்க வேண்டிய ஒன்பது ஜோடியைப் போட்டுவிட்டார். அந்த ஆண்டு 25 லட்சம் டாலர் பரிசு மணிமேக்கருக்குப் போனது.

உலகம் ரிவர் அடியைத்தான் கொண்டாடுகிறது. கற்க வேண்டியது டர்ன் ரெய்ஸ் என்பது என் கருத்து. அந்த ரெய்ஸ் இல்லாமல் ரிவர் கதை நம்பும்படி இருந்திருக்காது. மூன்று இஸ்பேட் கிடக்கும் மேசையில் டர்னிலேயே ரெய்ஸ் செய்தவர் ஃப்ளஷோ ஸ்ட்ரெய்ட்டோ வைத்திருப்பார் என்பது இயல்பான கதை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. டிரா முடியாமல் ரிவருக்கு வந்த ஒவ்வொரு முறையும் அடிக்கக்கூடாது. மணிமேக்கரிடம் ஒற்றை இஸ்பேட் ராஜா இருந்தது. மேசையில் மூன்று இஸ்பேட் இருக்க, பெரிய இஸ்பேடுகளில் ஒன்று தன் கையில் இருப்பதால் எதிராளியிடம் ஃப்ளஷ் இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. நம் முதல் உதாரணத்தின் ஆறு, ஐந்தில் நிலைமை நேர்மாறு. மேசையில் இரண்டே இஸ்பேட், நம்மிடம் இரண்டு இஸ்பேட். ரிவரில் எளிதாக ஃபோல்டு செய்யக்கூடிய எதிராளி யார்? தானும் இஸ்பேடைத் துரத்தித் தவறவிட்டவர். அவருக்குத் தேவையான இஸ்பேடில் இரண்டு நம் கையிலேயே இருப்பதால் அவர் அங்கே இருக்கும் வாய்ப்பு குறைகிறது. தவறிய சின்ன ஃப்ளஷ் டிராவோடு ரிவரில் நிற்கும்போது, காரணம் எதுவும் கிடைக்காவிட்டால் செக் செய்து விட்டுவிடுங்கள்.

சீட்டுக்கட்டை எடுங்கள்

இந்தக் கணக்குகளைப் படித்து மனப்பாடம் செய்தால் நிற்காது. வீட்டில் உட்கார்ந்து கையால் போட்டுப் பாருங்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. இந்தப் பயிற்சிக்கு இணையமும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு கட்டு, ஒரு தாள், ஒரு பேனா போதும்.

இஸ்பேட் ஆறு, ஐந்தை உங்கள் பக்கம் வையுங்கள். ஆட்டின் ஏஸையும் கிளாவர் ராஜாவையும் எதிர்ப்பக்கம் வையுங்கள். நடுவில் இஸ்பேட் ராஜா, டைமன் எட்டு, இஸ்பேட் மூன்று. மீதி 45 சீட்டைக் கலைத்து டர்ன், ரிவர் போடுங்கள். யார் ஜெயித்தார் என்று குறியுங்கள். திரும்பக் கலையுங்கள். 50 முறை. 20ஐ ஒட்டி நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். சில நேரம் 15, சில நேரம் 25.

பிறகு ஏஸ்-ராஜாவை எடுத்துவிட்டு ஆட்டின் எட்டையும் கிளாவர் எட்டையும் வைத்து இன்னொரு 50 முறை போடுங்கள். குறி எவ்வளவு இறங்குகிறது என்று கண்ணால் பாருங்கள். நான் சராசரி 30 என்று கறாராக எடுத்தது ஏன் என்பது அப்போது விளங்கும்.

அந்தத் தாளை மடித்து இந்தப் பக்கத்திலேயே வைத்திருங்கள். அடுத்த அத்தியாயத்தில் இதே கையை பட்டனில் உட்கார்ந்து ஆடப் போகிறோம், அந்த எண்கள் அங்கே தேவைப்படும்.